ஈயக்குண்டு, உப்புத்தாள், ஒரு லிபரேட்டர்

லிபரேட்டர் அழகான விமானம் இல்லை. இரண்டாம் உலகப்போர் விமானங்களை மாடல் கட்டுகிற யாரிடம் கேட்டாலும் லங்காஸ்டர் என்பார்கள், பி-17 என்பார்கள், கொஞ்சம் வித்தியாசமாக யோசிப்பவர் மஸ்கிட்டோ என்பார். பி-24 லிபரேட்டரை யாரும் முதலில் சொல்வதில்லை. பெட்டி போன்ற தட்டையான உடல், அதன் தோளில் ஒட்டிய ஒல்லியான நீள இறக்கை, பின்னால் பலகை மாதிரி இரண்டு வால் துடுப்புகள். அமெரிக்க விமானிகளே இதைப் பறக்கும் சரக்குப்பெட்டி என்று கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் போரில் அமெரிக்கா தயாரித்த ராணுவ விமானங்களிலேயே மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்டது இதுதான். 18,000க்கும் மேல்.

நான் மாடலாகக் கட்ட இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எண்ணிக்கை இல்லை. நம் ஊர் வானத்தில் உண்மையிலேயே பறந்த கனரக குண்டுவீச்சு விமானம் இது. லங்காஸ்டரை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் அது இங்கிலாந்தின் லிங்கன்ஷயர்காரர்களின் கதை. லிபரேட்டர் அப்படியில்லை. 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 200ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்து இறங்கிய இடம் நம் பரங்கிமலை. அங்கிருந்து வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்திருக்கிறார்கள். கோலாரில் லிபரேட்டர் ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். இலங்கையில் 160ஆம் ஸ்குவாட்ரன் சிகிரியாவில் இருந்தது, பிறகு காங்கேசன்துறை, பிறகு மின்னேரியா. 1945 மார்ச்சில் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் போய்க் கடலில் கண்ணிவெடி போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். போக வர ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், இருபது மணி நேரத்துக்கும் மேல், கீழே முழுக்கத் தண்ணீர். தூரம் போவதற்கென்றே பிறந்த விமானம் இது. ஆசியப் போர்க்களத்துக்கு அதுதான் தேவைப்பட்டது, ஏனென்றால் இங்கே எந்த இலக்கும் பக்கத்தில் இல்லை.

அவ்வளவு தூரம் எப்படிப் போனது என்பதைப் பெட்டியைத் திறந்து இறக்கைத் துண்டுகளைக் கையில் எடுத்தாலே பாதி புரிந்துவிடும். டேவிட் டேவிஸ் என்பவர் வடிவமைத்த இறக்கை. அதிக நீளம், குறைந்த அகலம். காற்றின் இழுப்பு குறைவு, அதனால் எரிபொருள் மிச்சம். நிஜத்தில் முனைக்கு முனை 110 அடி. என்னுடைய 1/72 அளவில் 46 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் உடலோடு சேருகிற இடத்திலேயே அதன் அகலம் சின்னதாகத்தான் இருக்கிறது. அவ்வளவு நீளத்தை அவ்வளவு சின்ன மூட்டில் ஒட்டவேண்டும் என்றால் பசையை மட்டும் நம்பமுடியாது. உடலுக்குள் குறுக்காக ஒரு தண்டு கொடுத்து இரண்டு இறக்கையையும் அதில் செருக வேண்டும். காயும்வரை இறக்கை தொங்கிவிடாமல் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி முட்டுக்கொடுத்து வைத்தேன். நிஜ விமானத்திலும் இந்த இறக்கைக்கு இதே சிக்கல்தான். குண்டடி பட்டால் பி-17 இறக்கை தாங்குகிற அளவுக்கு இது தாங்காது, மடங்கிவிடும். பனி படிந்தாலும் ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பாவில் பறந்த பலர் பி-17ஐக் கொண்டாடியதற்கும் இதைத் திட்டியதற்கும் இது ஒரு காரணம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 1/72 என்பது ஏதோ வாய்க்கு வந்த எண் இல்லை. ஆறடி என்பது ஒரு அங்குலம். அதாவது ஓர் ஆள் உயரம் ஒரு அங்குலம், அவ்வளவுதான் கணக்கு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களைக் கொண்டு ஐந்து லட்சம் மர விமான மாடல்கள் செய்யச் சொல்லிக் கேட்டதே, அதுவும் இதே அளவில்தான். அடையாளம் காணும் பயிற்சிக்கு. மாடலைத் தொலைவில் பிடித்துக் காட்டி, இது நம்முடையதா எதிரியுடையதா என்று கேட்பார்கள். இன்று மேசையில் வைத்து விளையாட்டாகக் கட்டுகிற பொருளின் பாட்டன் ஒரு போர்க்காலப் பாடக்கருவி.

அப்புறம், கிட் என்ற விஷயமே, அதாவது பாகங்களாக வந்து நாம் சேர்த்துக்கொள்கிற பெட்டி, இந்த விமானத்தின் ரத்தத்தில் இருக்கிறது. மிச்சிகனில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு கம்பெனி லிபரேட்டருக்காக ஒரு பிரம்மாண்டமான தொழிற்சாலை கட்டியது. கார் செய்கிற மாதிரி விமானம் செய்ய முடியுமா என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். திணறினார்கள்தான். ஆனால் உச்சத்தில் 63 நிமிடத்துக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, அங்கே செய்த எல்லாமே முழு விமானமாக வெளியேறவில்லை என்பது. கிட்டத்தட்ட 1,900 லிபரேட்டர்களைத் துண்டுகளாக லாரிகளில் ஏற்றி டல்சாவுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் அனுப்பினார்கள். அங்கே இருந்த வேறு கம்பெனிக்காரர்கள் அவற்றைச் சேர்த்து விமானமாக்கினார்கள். அவர்களே அதைக் கிட் என்றுதான் அழைத்தார்கள். என் மேசைக்கு வந்த பெட்டியும் அந்த வழக்கத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இனி வேலைக்கு வருவோம். உள்பக்கம்.

குண்டுவீச்சு விமானம் கட்டுவதில் உள்ள பெரிய பைத்தியக்காரத்தனம், பாதி வேலை கடைசியில் யார் கண்ணுக்கும் தெரியாது என்பது. விமானி அறையின் இருக்கைகள், ரேடியோக்காரரின் மேசை, குண்டறையின் தாங்கிகள் எல்லாவற்றையும் பெயின்ட் அடித்து ஒட்டுகிறோம். பிறகு உடலின் இரண்டு பாதியையும் சேர்த்து மூடிவிடுகிறோம். முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால்கூட ஒரு இருக்கையின் முதுகு தெரிந்தால் அதிசயம். இதனால் உள்ளே எதுவும் அடிக்காமல் கறுப்பு ஸ்ப்ரேயை ஊதி மூடிவிடுகிறவர்களும் உண்டு, அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். நான் அடிப்பேன். அடித்தால்தான் விமானம் எப்படி வேலை செய்தது என்பது கைக்குத் தெரிகிறது.

உதாரணமாக, குண்டறையின் நடுவே ஓடுகிற நடைபாலம். விமானி அறையிலிருந்து பின்பக்கத் துப்பாக்கிக்காரர்கள் இருக்கும் இடத்துக்குப் போக அது ஒன்றுதான் வழி. நிஜத்தில் அகலம் சுமார் ஒன்பது அங்குலம். கிட்டில் அது மூன்று மில்லிமீட்டர்ச் சொச்சம் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. இடுக்கியில் பிடித்து அதன் விளிம்பில் இருக்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் உறைக்கிறது: கனத்த உடையும் பாராசூட் வாரும் மாட்டிய ஒருவன், ஆடுகிற விமானத்தில், இரண்டு பக்கமும் குண்டுகள் தொங்க, இதன்மேல் பக்கவாட்டில் நகர்ந்து போயிருக்கிறான். பாராசூட்டை மாட்டிக்கொண்டு இதைக் கடப்பது பலருக்கு முடியாத காரியம். கால் தவறினால் கீழே குண்டறைக் கதவு. அந்தக் கதவோ கடையின் ஷட்டர் மாதிரி உடலின் பக்கவாட்டில் சுருண்டு மேலே ஏறும் மெல்லிய தகடு. திறந்தாலும் காற்றை இழுக்காது, வேகம் குறையாது. அருமையான யோசனை. ஆனால் ஒரு ஆளின் எடையை அது தாங்காது. எரிபொருள் கசிந்தால் அதன் வாடை வந்து தேங்குவதும் இந்தப் பகுதியில்தான்.

பெட்டியில் குண்டுகளும் வரும். கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கதவைத் திறந்தபடி வைத்துக் குண்டுகளைக் காட்ட விரும்புவார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். எனக்கு அந்தக் குண்டுகளை ஒட்டும்போது வேறொரு ஞாபகம் வரும், தமிழில் எழுதுவதால் அதைச் சொல்லாமல் போகமுடியாது.

வங்காளத்துத் தளங்களிலிருந்து போன லிபரேட்டர்களின் முக்கியமான இலக்குகளில் ஒன்று சயாம்-பர்மா ரயில்பாதை. 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர்கள் முடித்தது. போர்க்கைதிகள் கட்டினார்கள் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போல மூன்று மடங்கு. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோன பல்லாயிரம் தமிழர்கள் அதில் இருந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது வரிசையாகக் கல்லறை இருக்கிறது. பாதை முடிந்த பிறகும் அதைப் பழுதுபார்க்க ஆட்களை அங்கேயே வைத்திருந்தார்கள். மேலேயிருந்து லிபரேட்டர்கள் பாலங்களை உடைக்கும், கீழே இவர்கள் மறுபடி கட்டவேண்டும். முகாம்கள் பாதையை ஒட்டியே இருந்தன. 1944 செப்டம்பரில் நோங் பிளாடுக் என்ற இடத்து ரயில் யார்டைத் தாக்கியபோது பக்கத்து முகாமில் கிட்டத்தட்ட நூறு போர்க்கைதிகள் செத்தார்கள். பாதையை உடைத்தால் பர்மாவில் ஜப்பானியப் படைக்குச் சரக்கு போகாது, போர் சீக்கிரம் முடியும், அது உண்மை. அந்தக் குண்டு யார் தலையில் விழுந்தது என்பதும் உண்மை. இரண்டையும் கூட்டிக்கழித்து ஒரு விடை சொல்ல என்னால் முடியவில்லை. நான் கதவை மூடி ஒட்டினேன். அதற்கு இது மட்டும் காரணமில்லை, நான் செய்ய நினைத்த விமானம் குண்டு சுமக்காத காலத்தைச் சேர்ந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எடைப் பிரச்னை. லிபரேட்டருக்கு மூக்கில் ஒரு சக்கரம், இறக்கையின் கீழ் இரண்டு. அந்தக் காலத்துக்கு இது புதுசு. பி-17, லங்காஸ்டர் எல்லாம் வாலைத் தரையில் ஊன்றி நிற்பவை. மாடலில் இதனால் வரும் தலைவலி என்னவென்றால், பிளாஸ்டிக்குக்கு எஞ்சின் எடை தெரியாது. முன்னால் எடை வைக்காவிட்டால் உங்கள் லிபரேட்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்துவிடும். மூக்கிலோ இடமே இல்லை. முன்னால் கண்ணாடிக் கூண்டு, அதன் கீழே குண்டு குறிபார்ப்பவர், அதற்குப் பின்னால் சக்கரக் குழி. மீன் தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டுகளை வாங்கிச் சுத்தியலால் தட்டையாக்கிச் சக்கரக் குழியின் இரண்டு பக்கச் சந்திலும், விமானி அறைத் தரைக்குக் கீழேயும், கடைசியாக நான்கு எஞ்சின் கூடுகளுக்குள்ளும் திணித்தேன். எஞ்சின்கள் பின்சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அங்கே வைக்கிற ஒவ்வொரு கிராமும் கொஞ்சம் உதவும். உடலை நிரந்தரமாக மூடுவதற்கு முன்பு மாஸ்கிங் டேப்பால் எல்லாவற்றையும் தற்காலிகமாகச் சேர்த்து, சக்கரம் வருகிற இடத்தில் இரண்டு பென்சில்களை வைத்து அதன்மேல் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் மூடாதீர்கள். ஈயத்தைத் தொட்டால் கை கழுவுங்கள். நிஜ லிபரேட்டருக்கும் இந்த வியாதி உண்டு என்பது ஒரு ஆறுதல்: தரையில் நிற்கும்போது பின்பக்கம் அதிகப்பேர் ஏறினால் வால் கீழே போய்விடும் என்று வாலுக்கு ஒரு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்துவார்கள்.

கண்ணாடித் துண்டுகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எழுதினால் அலுப்பு உங்களுக்கும் தொற்றிவிடும். மூக்குக் கூண்டு, மேல்கூண்டு, வால்கூண்டு, விமானி அறை, பக்க ஜன்னல்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் டேப்பைப் பிளேடால் நறுக்கி மறைக்கவேண்டும். ஒரே ஒரு உபயோகமான தகவல்: கண்ணாடியை ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். நம்ம ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும், வழிந்தால் ஈரத்துணியில் துடைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் குண்டு சுமக்காத விமானத்துக்கு வருகிறேன்.

1945இல் போர் முடிந்தது. பிரிட்டனிடம் இருந்த லிபரேட்டர்கள் அமெரிக்காவிடம் லெண்ட்-லீஸ் ஒப்பந்தத்தில் வாங்கியவை. போர் முடிந்தால் திருப்பிக்கொடு, அல்லது காசு கொடு, அல்லது அழித்துவிடு என்பதுதான் அதன் சாரம். இந்தியாவில் நின்றிருந்தவற்றைக் கான்பூரில் கொண்டுபோய்க் குவித்து, இனி யாரும் பறக்கவைக்க முடியாதபடி முடமாக்கிவிட்டுப் போனார்கள். எஞ்சினுக்குள் மண் கொட்டியதாகவும் கருவிகளை உடைத்ததாகவும் சொல்வார்கள். வரிசை வரிசையாக அவை வெயிலில் கிடந்தன. 1947க்குப் பிறகு இந்திய விமானப்படையிடம் கனரக குண்டுவீச்சு விமானம் என்று ஒன்றுகூட இல்லை. காஷ்மீர்ச் சண்டையில் டகோட்டா என்ற சரக்கு விமானத்தின் கதவு வழியாகக் குண்டை உருட்டிவிட்ட காலம் அது.

அப்போதுதான் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனிக்காரர்கள் கான்பூருக்குப் போனார்கள். இன்றைய எச்ஏஎல். திடீரென்று வந்த துணிச்சல் இல்லை அது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படை அந்தத் தொழிற்சாலையையே தன் பழுதுபார்க்கும் டிப்போவாக்கி வைத்திருந்தது, லிபரேட்டரைப் பிரித்துச் சேர்த்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. கிடந்த உடல்களில் தேறக்கூடியவற்றைப் பொறுக்கி, ஒன்றின் உதிரியை இன்னொன்றுக்குப் போட்டு, பெங்களூரு வரை பறக்கிற அளவுக்கு மட்டும் தயார்செய்தார்கள். அதை ஓட்டிக்கொண்டு போனவர் கம்பெனியின் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி. ஒன்றல்ல, நாற்பதுக்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் இப்படிப் போய்ச் சேர்ந்தன. யோசித்துப் பாருங்கள். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர், நான்கு எஞ்சின், நேற்றுவரை குப்பையில் கிடந்த பொருள், ஒவ்வொரு முறையும் வேறொரு விமானம், ஒவ்வொன்றுக்கும் வேறொரு நோய். பெங்களூருவில் முழுதாகச் சீர்செய்து, 1948 நவம்பரில் தொடங்கிய 5ஆம் ஸ்குவாட்ரனுக்குக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் பாகங்களும் வரிசை எண் போட்ட விளக்கத்தாளும் இருந்தும் இரண்டு எஞ்சின் கூடுகளுக்கு இடம் வலம் தெரியாமல் அரைமணி நேரம் முழிக்கிறவன் நான். இந்தக் கதையைப் படித்த பிறகுதான் இந்திய அடையாளங்களோடு கட்டுவது என்று முடிவுசெய்தேன்.

5ஆம் ஸ்குவாட்ரன் 1957இல் கான்பெரா ஜெட்டுகளுக்கு மாறியது. ஆனால் 1951இல் புனேயில் மறுபடி தொடங்கிய 6ஆம் ஸ்குவாட்ரன், லிபரேட்டரைக் கடல் கண்காணிப்புக்கு வைத்துக்கொண்டது. வயிற்றுப்பக்கம் துப்பாக்கிக் கூண்டு இருக்கவேண்டிய இடத்தில் ரேடார். 1968 வரைக்கும் பறந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் லிபரேட்டர் ராணுவப் பணியில் இல்லாத காலம் அது. நான் கட்டியது இந்த ரகம்.

இந்திய லிபரேட்டர் என்றால் பச்சையோ பழுப்போ கிடையாது, வெள்ளி. அலுமினியத் தகடு அப்படியே மின்னுகிற தோற்றம். மாடல் கட்டுகிறவனுக்கு இதைவிடக் கொடுமையான வண்ணம் இல்லை, ஏனென்றால் வெள்ளி எதையும் மறைக்காது. உடலின் இரண்டு பாதி சேரும் கோட்டில் இடுக்கை நிரப்பும் புட்டி வைத்து, 400 உப்புத்தாள், 800, 1200, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். விரல் நுனியில் எதுவும் தட்டாவிட்டாலும் வெள்ளி அடித்ததும் ஒரு கீறல் எட்டிப் பார்க்கும். மறுபடி புட்டி, மறுபடி உப்புத்தாள். முதலில் பளபளக்கும் கறுப்பை அடித்து அது கண்ணாடி மாதிரி காய்ந்த பிறகுதான் அதன்மேல் அலுமினியத்தை ஏர்பிரஷ்ஷில் மெல்லிய படலமாக விடவேண்டும். கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் வெள்ளியும். சென்னையில் இதை ஐப்பசி கார்த்திகையில் செய்யக்கூடாது. காற்றில் இருக்கிற ஈரம் முழுக்க லாக்கர் பெயின்ட்டில் உட்கார்ந்து பால் கொட்டின மாதிரி வெளுத்துவிடும். பங்குனி வெயிலில் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, வியர்வை சொட்டுவிடாமல் தலையில் துண்டு கட்டிக்கொண்டு அடித்தேன். கூடவே மாஸ்க். "ஏங்க, விமானம் ஒட்டுறீங்களா, வெல்டிங் பட்டறை வெச்சிருக்கீங்களா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பதில் சொல்லவில்லை, வாயைத் திறந்தால் மாஸ்க் நகரும்.

எல்லாத் தகடுகளையும் ஒரே வெள்ளியில் விடுவது தப்பு. என் கணிப்பில் இந்திய லிபரேட்டருக்கு இது இன்னும் பொருந்தும். பல உடல்களிலிருந்து எடுத்துச் சேர்த்த விமானத்தில் எல்லாத் தகடும் ஒரே மாதிரி மின்னியிருக்க வாய்ப்பே இல்லை. அதனால் சில தகடுகளை மறைத்து, அலுமினியத்தில் ஒரு துளி கறுப்போ ஒரு துளி பழுப்போ கலந்து அடித்தேன். எஞ்சின் கூடுகளின் அடியில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சூப்பர்சார்ஜர்கள் வெளியே தெரியும்படி இருக்கும், அங்கிருந்து பின்னோக்கிப் புகைக்கரி படியும். லிபரேட்டரின் எஞ்சின் கூடு வட்டமாக இல்லாமல் இரண்டு கன்னமும் உப்பின மாதிரி இருப்பதற்கும் காரணம் உண்டு. நடுவில் எஞ்சின், இரு பக்கத்திலும் எண்ணெயையும் காற்றையும் குளிர்விக்கும் வழிகள். இது தெரிந்தால் கரியை எங்கே வைப்பது என்பது தானாகத் தெரியும், இல்லாவிட்டால் சும்மா அழுக்குப் பண்ணின மாதிரி இருக்கும்.

அடையாள வட்டங்கள் அடுத்த பஞ்சாயத்து. என் பெட்டியில் அமெரிக்க நட்சத்திரம்தான் இருந்தது. சில கிட்களில் தென்கிழக்கு ஆசியப் படையின் வட்டம் கிடைக்கலாம்: கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும், நடுவே பிரிட்டனின் வழக்கமான சிவப்பு இருக்காது. சிவப்பைப் பார்த்தால் ஜப்பானிய விமானம் என்று நினைத்துத் தன் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்று நீக்கிவிட்டார்கள். இந்தியாவுக்கு வந்தால், சுதந்திரத்தை ஒட்டிய ஓரிரு வருடங்கள் அசோகச் சக்கரம், அதன் பிறகு வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. கடையில் கிடைக்காததால் நானே செய்தேன். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் டீகால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) போட்டால் காவியும் பச்சையும் வரும், வெள்ளை வராது. பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது, தாளின் வெறுமைதான் அதற்கு வெள்ளை. வெள்ளி உடலில் ஒட்டினால் நடுவளையமும் வெள்ளியாகத் தெரியும். அதனால் வட்டவெட்டியால் டேப்பில் துளைபோட்டு முதலில் வெள்ளை வட்டத்தை அடித்து, அதன்மேல் அச்சடித்ததை ஒட்டினேன். காவியின் சாயல்தான் கடைசிவரை திருப்தி தரவில்லை. பிரிண்டர் ஒரு ஆரஞ்சு மிட்டாய் நிறத்தைத் தந்தது, வெயிலில் பல வருடம் நின்ற விமானத்தின் காவி அப்படியா இருந்திருக்கும்? கொஞ்சம் வெள்ளையை மூடுபனி மாதிரி மேலே ஊதி மங்கலாக்கினேன்.

எண் எதைப் போடுவது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எச்ஈ 807. போரின் கடைசி மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் இருந்த 99ஆம் ஸ்குவாட்ரனோடு தொடர்புடைய விமானம் இது, அப்போது அதன் எண் கேஎன் 751. பிறகு கான்பூர்க் குவியல், பிறகு பெங்களூரு, பிறகு நம் விமானப்படை. 1974இல் இந்தியா அதைப் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பெட்டியில் கட்டி அனுப்பவில்லை, பறந்தே போனது. உடைத்துப் போட்டவர்களுக்கே ஓடுகிற நிலையில் திருப்பிக்கொடுத்த மாதிரி! இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. எச்ஈ 771 என்ற இன்னொரு இந்திய லிபரேட்டர் அமெரிக்காவுக்குப் போய்ச் சீர்செய்யப்பட்டு 1989இல் மறுபடி பறந்தது. அரிசோனாவில் ஒன்று, கனடாவில் ஒன்று. 18,000 செய்த விமானத்தில் இன்று முழுசாக மிஞ்சியவை மிகச் சில, அதில் கணிசமான பங்கு இந்தியா காப்பாற்றி வைத்தது. வில்லோ ரன்னில் மணிக்கொன்று செய்தவர்கள் போர் முடிந்ததும் அவற்றை உருக்கிச் சட்டிபானை ஆக்கிவிட்டார்கள், நம்மிடம் காசில்லாததால் இருபது வருடம் ஓட்டினோம்.

முதல்முறை கிட் கட்டப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நேராக லிபரேட்டர் வாங்காதீர்கள். நான்கு எஞ்சின் என்றால் எல்லா வேலையும் நான்கு முறை. ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றில், அதுவும் வெள்ளி அல்லாத வண்ணத்தில் தொடங்குங்கள். இடத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள், நாற்பத்தாறு சென்டிமீட்டர் இறக்கை சாதாரண ஷோகேஸ் தட்டில் நுழையாது. என்னுடையது இப்போது பீரோவின் மேலே ஒரு மீன்தொட்டியைக் கவிழ்த்ததற்குள் நிற்கிறது, மின்விசிறித் தூசி படாது, பல்லியும் வராது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வயிற்றில் அந்த ரேடார் கூட்டை நான் வெறும் உருளையாகத்தான் செய்து வைத்திருக்கிறேன். மேலே இழுத்தால் எவ்வளவு உள்ளே போகும், இறக்கினால் எவ்வளவு வெளியே தெரியும், விளிம்பு எப்படி முடிகிறது என்று காட்டுகிற தெளிவான படம் கிடைக்கவில்லை. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் மூக்குப் பக்கம் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர் யாராவது, படமெடுக்க விடுவார்கள் என்றால், குனிந்து வயிற்றுப் பக்கம் இரண்டு படம், முன்சக்கரக் குழிக்குள் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உருளையை இன்னும் ஒட்டவில்லை, சும்மா செருகித்தான் வைத்திருக்கிறேன்.